உத்திரமேரூர்க் கல்வெட்டில் 'இருந்து' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மக்களாட்சி என்று கூவுகிறவர்கள் பதில் சொல்லவும்

ஏரிக்கரையான்:
இன்று காலையிலிருந்து நான்கு பேர் ஒரே செய்தியை எனக்கு அனுப்பிவிட்டார்கள். "மன்னனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய இங்கிலாந்தின் மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்களைத் தாங்களே ஆண்டார்கள், அரசனால்கூட அதில் தலையிட முடியாது." 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைச் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து இந்தச் செய்தி ஊர் ஊராகச் சுற்றுகிறது. கடைசி வரிதான் எனக்கு எரிச்சல். அரசனால் தலையிட முடியாதாம். கல்வெட்டைப் படித்தவன் இப்படி எழுதவே மாட்டான்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆண்டில் ஒன்று, அதாவது கி.பி. 919, 921 என இரண்டு கல்வெட்டுகள். முதல் கல்வெட்டு என்ன சொல்கிறது? "ஸ்ரீமுகப்படி ஆணையினால் தத்தனூர் மூவேந்தவேளான் இருந்து". ஸ்ரீமுகம் என்றால் அரசனின் ஓலை. அரசன் ஓலை அனுப்பினான், அதிகாரி வந்து உட்கார்ந்தான், ஊர்ச் சபை தன் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் விதியை எழுதியது. இரண்டு ஆண்டு கழித்து அந்த விதியை மாற்றினார்கள், அப்போதும் சோமாசிபெருமான் என்ற இன்னொருவர் வந்து "இருந்து". இரண்டு முறையும் ஆள் உட்கார்ந்திருக்கிறான் ஐயா. இதற்குப் பெயர் சுயாட்சியா? மேலிருந்து கொடுத்த அதிகாரம் வேறு, கீழிருந்து எழுந்த அதிகாரம் வேறு. 'இருந்து' என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லிவிட்டு அப்புறம் மார் தட்டுங்கள்.

சோழமண்டலத்தான்:
வந்துவிட்டார். தமிழனுக்குப் பெருமை தருகிற எதைப் பார்த்தாலும் இவருக்கு வயிறு எரியும். 'இருந்து' என்றால் உடன் இருந்து, அவ்வளவுதான். சாட்சி. இன்று பத்திரப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன் வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவானா? அந்தக் கல்வெட்டின் முடிவைப் படியுங்கள், "வ்யவஸ்தை செய்தோம் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்து ஸபையோம்". வ்யவஸ்தை என்றால் விதி. செய்தோம். சபையோம். அரசன் செய்தான் என்று இல்லை, மூவேந்தவேளான் செய்தான் என்று இல்லை. நாங்கள் செய்தோம் என்று சபை தன் வாயால் சொல்கிறது. 1100 ஆண்டுக்கு முந்தைய கல் 'செய்தோம்' என்கிறது, நீங்கள் இல்லை என்கிறீர்கள். நான் கல்லை நம்புகிறேன்.

ஏரிக்கரையான்:
பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டு மீதியை மேற்கோள் காட்டுவது உங்களுக்குப் பழக்கம்தான். 'செய்தோம்' என்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது? "சோமாசிபெருமான் இருந்து இப்பரிசு செய்விக்க". செய்விக்க! ஒருவன் செய்விக்க, இன்னொருவன் செய்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறவினை தெரியும். சாட்சி என்று எழுதியிருந்தால் 'அறிவேன்' என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள், கல்வெட்டுகளில் அதற்குத் தனி முறை உண்டு. இங்கே இருந்து செய்விக்க என்று இருக்கிறது.

பொருநை:
இரண்டு பேரும் உத்திரமேரூரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். அதற்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மானூர்க் கல்வெட்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலம், ஏறத்தாழ கி.பி. 800. சபையில் பேசத் தகுதி யாருக்கு உண்டு, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. உத்திரமேரூருக்குப் பேருந்து விடுகிறவர்கள் மானூருக்கு ஒரு பலகைகூட வைப்பதில்லை. சோழன் என்றால் படம் எடுப்பார்கள், பாண்டியன் என்றால் யாருக்கும் கண் தெரியாது.

சோழமண்டலத்தான்:
பொருநை அண்ணே, மானூரை யார் மறுத்தார்கள்? அதுவும் நம் பெருமைதான். இங்கே பிரச்சினை ஏரிக்கரையான்.

பழைய வாத்தியார்:
வணக்கம். 31 ஆண்டுகள் அரசியல் அறிவியல் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சண்டைக்கு முன் சொற்களை வரையறுத்துக்கொள்ளலாம். ஆற்றல் என்பது ஒருவன் விரும்பாததையும் அவனைச் செய்யவைப்பது. அதிகாரம் என்பது, இவர் சொல்வதைக் கேட்பது முறை என்று மக்களே ஏற்றுக்கொண்டது. மாக்ஸ் வெபர் இந்த ஏற்பை மூன்றாகப் பிரித்தார். பழக்கத்தால் வருவது, ஒரு தனிமனிதரின் ஈர்ப்பால் வருவது, எழுதப்பட்ட விதியால் வருவது. உத்திரமேரூரில் அரசன் பழக்கத்தால் ஆள்கிறான், சபை எழுதிய விதியால் நடக்கிறது. இரண்டும் ஒரே கல்லில் இருப்பதுதான் வியப்பு. மக்களாட்சியா இல்லையா என்ற கேள்விக்கு முன், 'மக்கள்' என்பது யார் என்று முடிவு செய்தால் பாதித் தகராறு தீரும்.

ஏரிக்கரையான்:
ஐயா, மாக்ஸ் வெபர் உத்திரமேரூருக்கு வரவில்லை. நான் போயிருக்கிறேன். வைகுண்டப் பெருமாள் கோவில் அடித்தளத்தில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறேன். 'இருந்து' என்பதற்குப் பதில் வேண்டும்.

சோழமண்டலத்தான்:
நானும் போயிருக்கிறேன். விரல் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறதா?

சேரிக்குரல்:
வாத்தியார் ஐயா கேட்ட கேள்வியை யாரும் தொடவே இல்லை, நான் தொடுகிறேன். குடவோலையில், அதாவது குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கும் ஓலையில், பெயர் எழுத என்ன தகுதி? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், வேலி என்பது அந்தக் கால நில அளவு. சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ். வேதம் கற்றிருக்க வேண்டும், பிறருக்குக் கற்பிக்கவும் தெரிய வேண்டும். நிலம் குறைவாக, அரைக்கால் வேலிதான் இருந்தால், அதை ஈடுகட்ட ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும், அதாவது உரையும், தெரிந்திருக்க வேண்டும். ஊரின் பெயரே சதுர்வேதிமங்கலம். பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்த வயலில் சேற்றில் நின்றவன் பெயர் எந்த ஓலையில் எழுதப்பட்டது? ராஜராஜனின் தஞ்சைக் கோவில் கல்வெட்டில் ஊர்களின் வரியில்லா நிலத்தைக் கழிக்கும்போது பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே இருந்தவர்களும் மக்கள்தான். அதிகாரி உட்கார்ந்தானா நின்றானா என்று நீங்கள் சண்டை போடுகிறீர்கள். எங்கள் முன்னோரை அந்த மண்டபத்துப் படிக்கட்டில்கூட ஏற்றியிருக்க மாட்டார்கள்.

சோழமண்டலத்தான்:
அப்படிப் பார்த்தால் ஏதென்சு நகரத்திலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. வெளியூரிலிருந்து குடிவந்தவர்களுக்கும் இடமில்லை. ஆனாலும் உலகமே அதை மக்களாட்சியின் தாயகம் என்கிறது. வெள்ளைக்காரன் செய்தால் மக்களாட்சி, நம் பாட்டன் செய்தால் சாதி ஆட்சியா? இந்த அளவுகோலைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சேரிக்குரல்:
நான் ஏதென்சைப் புகழ்ந்தேனா? எங்கே? வரியைக் காட்டுங்கள். ஏதென்சில் அடிமை வைத்திருந்தது தப்பு, உத்திரமேரூரில் எங்களை ஒதுக்கியதும் தப்பு. ஒரு தப்பைச் சொன்னால் இன்னொரு தப்பைக் காட்டுவது பதில் ஆகாது. உங்கள் பாட்டன் என்றீர்களே, அது எனக்கும் பாட்டனா என்று அந்தக் கல்வெட்டு எழுதியவரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்?

நடுப்பாதை:
ஏதென்சு பேச்சு வந்ததால் சொல்கிறேன். அங்கேயும் 500 பேர் கொண்ட மன்றத்தைக் குலுக்கல் முறையில்தான் எடுத்தார்கள். குலுக்கி எடுப்பது மக்களாட்சி முறை, வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது சிலராட்சி முறை என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ஆக குடத்தில் ஓலை போட்டு எடுத்ததைத் தேர்தல் இல்லை என்று கேலி செய்வதில் பொருளில்லை.

ஏரிக்கரையான்:
குலுக்கலைக் கேலி செய்தது யார்? குலுக்கல் முறையின் அழகை உங்களை விட நான் நன்றாகச் சொல்வேன். ஊரில் 30 குடும்பு, அதாவது வார்டு, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். ஊரில் இளையவர் முதியவர் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். நம்பிமாரில், அதாவது கோவில் பூசாரிகளில், மூத்தவர் ஒருவர் எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கி நிற்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுக்கிறான். நடுவரான மத்தியஸ்தன் அந்த ஓலையை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடக் கூடாது என்றுதான். இவ்வளவு நுட்பமாக யோசித்தவர்களை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனுக்கு மறுபடி இடமில்லை, அவனுடைய அப்பன், மகன், மருமகன், மாமன், உடன்பிறந்தவளைக் கட்டியவன் வரைக்கும் இடமில்லை. பொறுப்பு 360 நாள், இறங்கினால் அடுத்த மூன்று ஆண்டுக்குப் பெயர் எழுத முடியாது. இன்றைக்கு எந்தக் கட்சியாவது இதில் பாதியை ஏற்குமா?

ஆனால் இத்தனை விதியும் யார் இருந்து செய்விக்கச் செய்யப்பட்டது? திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

மருதம்:
நான் பொதுவாக இங்கே படிப்பதோடு சரி. ஏரிக்கரை அண்ணன் 'இருந்து' என்பதையே பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 2011இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் நான் தலைவராக ஜெயித்தேன். ஐந்து வருடம். கிராம சபைக் கூட்டம் என்றால் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வருவார், பெயர் வேண்டாம். பார்வையாளர் என்றுதான் காகிதத்தில் இருக்கும். ஆனால் வந்ததும் நடு நாற்காலியில் உட்காருவார், நான் ஓரத்து நாற்காலியில் உட்காருவேன். தீர்மானம் என்ன என்று அவர் சொல்வார், செயலர் நோட்டில் எழுதுவார். கடைசி வரியில் "இக்கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருக்கும், கீழே என் கையெழுத்து. எங்கள் ஏரி மதகு உடைந்து கிடந்தது, மூன்று கூட்டத்தில் அதைத்தான் ஊர் கேட்டது. மூன்று முறையும் அவர் சொன்ன சிமெண்டுச் சாலைதான் நோட்டில் ஏறியது. அந்த நோட்டை 1000 வருடம் கழித்து ஒருவர் படித்தால் 'நாங்கள் செய்தோம்' என்றுதான் படிப்பார். 'இருந்து' என்பதன் பொருள் எனக்கு நன்றாகவே தெரியும்.

ஏரிக்கரையான்:
அக்கா, இதைத்தான் நான் இத்தனை நேரம் கரடியாகக் கத்துகிறேன். நன்றி. இதற்கு மேல் சோழமண்டலத்தான் என்ன சொல்லப் போகிறார்?

சோழமண்டலத்தான்:
அக்காவின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைய அலுவலரை வைத்து அன்றைய மூவேந்தவேளானை அளப்பது என்ன நியாயம்? இன்று தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இருக்கிறது, அதன் 205ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியர் ஊராட்சித் தலைவரையே நீக்கலாம் என்று இருக்கிறது. பராந்தகன் கல்வெட்டில் அரசன் சபை உறுப்பினரை நீக்கலாம் என்று எங்காவது இருக்கிறதா? குற்றம் செய்த வாரியனை உடனே நீக்கலாம் என்று இருக்கிறது, நீக்குவது சபை. சொல்லப்போனால் இன்றைய ஊராட்சியை விட அன்றைய சபைக்கு அதிகாரம் அதிகம். ஏரி அவர்கள் கையில், அதற்கென்று ஏரிவாரியம். தோட்டவாரியம் தனி. பொன் மாற்றுப் பார்க்கப் பொன்வாரியம். சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியம் வேறு. வயிரமேக தடாகம் என்ற அந்தப் பெரிய ஏரியைச் சென்னைக் கோட்டையிலிருந்து உத்தரவு வாங்கியா தூர் வாரினார்கள்?

மருதம்:
தம்பி, என் மதகுக்குப் பதில் சொல்லாமல் 205க்குப் போய்விட்டீர்கள். அந்த 205ஐக் காட்டித்தான் எங்களை ஐந்து வருடமும் மிரட்டினார்கள். 2016இல் என் பதவிக்காலம் முடிந்ததும் தேர்தலே நடக்கவில்லை, 2019 கடைசி வரை தனி அலுவலர் ஆட்சி. மூன்று வருடம் நடு நாற்காலி மட்டும்தான் இருந்தது, ஓரத்து நாற்காலியும் போய்விட்டது.

பொருநை:
மானூர்க் கல்வெட்டில் இன்னொன்று இருக்கிறது, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சபையில் எந்தப் பேச்சு வந்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருப்பவனுக்கு 5 காசு தண்டம். ஏரிக்கரையான் மானூரில் பிறந்திருந்தால் வயலை விற்றுத்தான் தண்டம் கட்டியிருப்பார்.

ஏரிக்கரையான்:
கட்டியிருப்பேன். கட்டிவிட்டு அடுத்த நாளும் 'அன்று' என்றுதான் சொல்லியிருப்பேன். பொய்யை ஒப்புக்கொள்வதை விட 5 காசு மலிவு.

சோழமண்டலத்தான்:
பொய் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தக் கூடாது. சென்ற ஆண்டு உடையார்குடிக் கல்வெட்டு விவாதத்தில் என்ன செய்தீர்கள்? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்து பற்றிய ராஜராஜன் ஆணை அது. அதை உத்தம சோழன் ஆணை என்று மூன்று நாள் வாதாடினீர்கள். நான் பட்டியலைக் காட்டியதும் சத்தமில்லாமல் உங்கள் பதிவைத் திருத்தினீர்கள். ஒரு மன்னிப்பு உண்டா? இல்லை. இப்போது இங்கே வந்து கல்வெட்டு வாத்தியார் வேடம்.

ஏரிக்கரையான்:
அது தட்டச்சுப் பிழை. அப்போதே சொன்னேன்.

சோழமண்டலத்தான்:
மூன்று நாள் நீடிக்கிற தட்டச்சுப் பிழையா?

ஏரிக்கரையான்:
அதே விவாதத்தில் நீங்கள் கொலையாளிகளில் ஒருவனான 'ரவிதாசன்' பெயரை இரண்டு இடத்தில் மாற்றி எழுதியதை நான் பெருந்தன்மையாக விட்டேன். இப்போது விஷயத்துக்கு வாருங்கள். உடையார்குடியையே எடுத்துக்கொள்வோம், நீங்கள்தான் இழுத்தீர்கள். அந்த ஆணை யாருக்குப் போனது? வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு. துரோகிகளின் நிலத்தைப் பறித்து விற்க வேண்டும் என்று அரசன் சொல்கிறான், சபை செய்கிறது. அங்கே சபை அரசனின் கை. உங்கள் சான்றே எனக்குச் சான்று.

பழைய வாத்தியார்:
இப்போது பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. சோழ அரசு எப்படிப்பட்டது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே மூன்று கருத்து உண்டு. நீலகண்ட சாஸ்திரியார், வலுவான மைய அரசும் அதன் கீழே உயிரோட்டமுள்ள ஊர்ச்சபைகளும் சேர்ந்தே இருந்தன என்றார். பர்ட்டன் ஸ்டைன் அதை மறுத்து, உண்மையான ஆட்சி நாடு, அதாவது பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம், என்ற அளவிலேயே இருந்தது, அரசனின் தலைமை பெரும்பாலும் சடங்குத் தலைமை என்றார். நொபொரு கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் அதிகாரிகளின் பட்டங்களையும் வரிகளையும் எண்ணிப் பார்த்து, ராஜராஜன் காலத்தில் மைய ஆட்சி உண்மையிலேயே இறுகியது என்று காட்டினார்கள். 919 என்பது ராஜராஜன் அரியணை ஏறுவதற்கு 66 ஆண்டு முன்பு. ஆகவே 'இருந்து' என்பதன் எடை காலத்துக்குக் காலம் மாறும். இன்னொன்று, உத்திரமேரூர் பிரமதேயம், அதனால் சபை. வேளாளர் ஊர்களில் இருந்தது 'ஊர்'. வணிகர்களுக்கு 'நகரம்'. இவற்றுக்கு மேலே நாட்டார். நான்கு வகை அமைப்பை ஒரே சொல்லில் அடைத்துவிட்டு...

ஏரிக்கரையான்:
ஐயா 'நீலகண்ட சாஸ்திரியார்' என்று மரியாதையாகச் சொன்னதற்கு நன்றி, இங்கே சிலர் அவரையே திட்டுகிறார்கள். ஆனால் மூன்று கருத்தில் எதில் போய் நின்றாலும் 'இருந்து' அப்படியே நிற்கிறது.

சோழமண்டலத்தான்:
அதுதான் இல்லை! ஐயா சொன்னதைக் கவனித்தீர்களா? மூவேந்தவேளான் என்பது பட்டம். அந்தப் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் உள்ளூர் நிலக்கிழார்கள். வேளான் என்ற சொல்லிலேயே வேளாண்மை இருக்கிறது. அரண்மனையிலிருந்து குதிரையில் வந்த அதிகாரி என்று நீங்கள் கற்பனை செய்கிறீர்கள். அந்தக் காலத்தில் அரசு என்பதே இப்படிப்பட்ட நிலக்கிழார்களுக்குப் பட்டம் கொடுத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வதுதான். தத்தனூர் என்று சொந்த ஊர்ப் பெயரோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவரை மாவட்ட ஆட்சியர் ஆக்கிவிடுவீர்களா?

ஏரிக்கரையான்:
பட்டம் கொடுத்தது யார்? அரசன். ஓலை கொடுத்தது யார்? அரசன். "ஸ்ரீமுகப்படி ஆணையினால்" என்பதில் ஆணை என்ற சொல் உங்கள் கண்ணில் படவே படாதா? சரி, 'இருந்து' கிடக்கட்டும், 'ஆணை'க்கு என்ன பொருள்? அதுவும் சாட்சியா?

சோழமண்டலத்தான்:
அங்கீகாரம். சங்கத்தைப் பதிவு செய்தால் பதிவாளர் சான்றிதழ் தருகிறார். அதனால் சங்கம் அரசுடையதா?

ஏரிக்கரையான்:
ஆணை என்றால் அங்கீகாரம். இருந்து என்றால் சாட்சி. செய்விக்க என்றால்? வேடிக்கை பார்க்கவா? தமிழையே மாற்றிவிடுங்கள், அப்போது நீங்கள் ஜெயிப்பீர்கள்.

நடுப்பாதை:
ஒரு கேள்வி. அரசர்கள் மாறியபோது சபை என்ன ஆனது? பல்லவர் காலத்திலிருந்தே உத்திரமேரூர்ச் சபையின் கல்வெட்டுகள் உள்ளன. பிறகு சோழர். 949இல் தக்கோலத்தில் சோழர் தோற்ற பிறகு ராஷ்டிரகூடக் கன்னரதேவனின் ஆட்சியாண்டுக் கணக்கில் கல் வெட்டினார்கள். அப்புறம் மறுபடி சோழர். மேலே கொடி மாறிக்கொண்டே இருக்கிறது, கீழே ஏரிவாரியம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அரசன் கொடுத்த அதிகாரம் என்றால் அரசன் போனதும் போயிருக்க வேண்டாமா?

சோழமண்டலத்தான்:
அருமை! இதற்குப் பதில் சொல்லுங்கள் ஏரிக்கரையான்.

ஏரிக்கரையான்:
சொல்கிறேன். வெள்ளைக்காரன் போன பிறகும் கலெக்டர் இருக்கிறார், தாசில்தார் இருக்கிறார், ஜமாபந்தி நடக்கிறது. ஆட்சி மாறினாலும் அமைப்பு நிற்கும், ஏனென்றால் புதிதாக வருகிறவனுக்கும் வரி வேண்டும். அமைப்பு நீடிப்பதால் அது சுயாட்சி என்று ஆகாது. கன்னரதேவன் காலத்தில் யார் இருந்து செய்வித்தார்கள் என்று பாருங்கள்.

சேரிக்குரல்:
கொடி மாறியது, வாரியம் மாறவில்லை. சேரியும் மாறவில்லை. நிலைத்து நின்றது எது என்று பார்த்தால்தான் அங்கே உண்மையான அதிகாரம் யாரிடம் இருந்தது என்று தெரியும். மேலே ஒருவன் இருந்தான், நடுவே நிலம் வைத்திருந்த சிலர் இருந்தார்கள், அந்த இரண்டு பேருக்கும் இடையில் நடந்த பேரத்தைக் கல்லில் எழுதிவைத்தார்கள். அதை நீங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்து இழுக்கிறீர்கள். இதை நான் மூன்றாவது முறையாக எழுதப் போவதில்லை.

சோழமண்டலத்தான்:
நண்பர் எப்போதும் பேச்சை அங்கேயே கொண்டுபோகிறார்.

சேரிக்குரல்:
கொண்டுபோகவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள்தான் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறீர்கள். "நண்பர் எப்போதும்" என்று சொல்வதற்குப் பதில் கால் வேலிக்குப் பதில் சொல்லுங்கள். நிலம் இல்லாதவன் பெயர் ஓலையில் உண்டா, இல்லையா? ஒரு சொல்லில்.

சோழமண்டலத்தான்:
அந்தக் காலச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சேரிக்குரல்:
இது ஒரு சொல் இல்லை.

பொருநை:
சங்க காலத்திலேயே குடவோலை உண்டு, அதை யாரும் சொல்லவில்லையே. அகநானூறு 77, மருதன் இளநாகனார் பாட்டு. "கயிறு பிணிக் குழிசி ஓலை கொண்மார் பொறி கண்டு அழிக்கும் ஆவண மாக்களின்". கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையை உடைத்து ஓலை எடுப்பவர்களைப் போல, செத்துக் கிடக்கும் வீரனின் குடலைப் பருந்து இழுக்கிறது என்று உவமை. பாட்டில் உவமையாக வருகிறது என்றால் ஊரில் எல்லாருக்கும் அது தெரிந்த காட்சியாக இருந்திருக்க வேண்டும். சோழன் பராந்தகன் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பாண்டிய நாட்டில்...

ஏரிக்கரையான்:
அந்தப் பாட்டிலேயே ஆவண மாக்கள் என்று இருக்கிறது, கவனித்தீர்களா பொருநை? பொறி, அதாவது முத்திரை. முத்திரை யாருடையது? அதை உடைக்கும் உரிமை யாருக்கு? அங்கேயும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

பொருநை:
உங்களுக்கு எந்தப் பாட்டைப் பார்த்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பதுதான் தெரியும். பருந்தைப் பாருங்கள் ஐயா, என்ன உவமை!

பழைய வாத்தியார்:
நான் கேட்ட கேள்விக்கு சேரிக்குரல் தவிர யாரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஒருவேளை நான்தான் தெளிவாகக் கேட்கவில்லையோ. அதிகாரம் மூன்று இடத்திலிருந்து வரும் என்றேன்...

ஏரிக்கரையான்:
ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் 'பழக்கம்' என்று எழுதிய இடத்தில் 'மரபு' என்று இருந்திருக்க வேண்டும்.

பழைய வாத்தியார்:
மாணவர்களுக்குப் பழக்கம் என்றால்தான் புரியும். 31 ஆண்டு அனுபவம்.

மருதம்:
வாத்தியார் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் நான் ஜெயித்தது விதிப்படி. ஆனால் ஊர் கேட்டது எங்கள் பெரிய நாட்டாண்மைக்காரர் வாயைத்தான். அலுவலருக்கு முன்னால் அவரும் எழுந்து நிற்பார். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். எது உண்மையான அதிகாரம் என்று கேட்டால், தண்ணீரை எந்த வயலுக்கு முதலில் திறப்பது என்று யார் சொல்கிறாரோ அவரிடம்தான். எங்கள் ஊரில் அது நானும் இல்லை, அலுவலரும் இல்லை. உத்திரமேரூர் ஏரிவாரியத்தில் ஆறு பேர் இருந்தார்களாமே, அந்த ஆறு பேர் மதகைத் திறந்தபோது மூவேந்தவேளான் அங்கே இருந்தாரா? அது தெரிந்தால் சொல்லுங்கள், அதைத்தான் நான் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

சோழமண்டலத்தான்:
இல்லை அக்கா. விதி எழுதிய அன்று மட்டும்தான் இருந்தார். அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு நாள் வந்து போனவரை வைத்து...

ஏரிக்கரையான்:
ஒரு நாள் இல்லை. 919இல் ஒருவர், 921இல் இன்னொருவர். இரண்டு முறை. முதல் முறை எழுதிய விதி சரியாக வரவில்லை என்று 30 முதல் 60 வயது என்றிருந்ததை 35 முதல் 70 என்று மாற்றினார்கள், "துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வர்த்திப்பதாக" என்று காரணமும் எழுதினார்கள். கெட்டவர் அழிந்து நல்லவர் தழைக்க என்று பொருள், அதாவது கெட்டவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். சபையே தன் விதியைத் தானே திருத்த முடியும் என்றால் இரண்டாவது முறை எதற்கு ஆள் வர வேண்டும்? சொந்த வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பீர்களா?

சோழமண்டலத்தான்:
நகராட்சியில் அனுமதி கேட்பேன்.

ஏரிக்கரையான்:
ஆ! அனுமதி! உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோழமண்டலத்தான்:
நான் இன்றைய நகராட்சியைச் சொன்னேன். வார்த்தையைத் திருகாதீர்கள். உடையார்குடியிலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

ஏரிக்கரையான்:
தட்டச்சுப் பிழை என்று சொல்லிவிட்டேன்.

நடுப்பாதை:
அக்கா மதகைப் பற்றிக் கேட்டது அப்படியே நிற்கிறது.

ஏரிக்கரையான்:
வருகிறேன், அதற்கும் வருகிறேன். அடுத்த மாதம் நான் மறுபடி உத்திரமேரூர் போகிறேன். 14ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அந்த வரி முழுவதையும் எழுத்து தெரியும்படி சாய்வு வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுகிறேன். 'இருந்து இப்பரிசு செய்விக்க' என்பதை எல்லாரும் சொந்தக் கண்ணால் படிக்கலாம். சோழமண்டலத்தானுக்குத் தைரியம் இருந்தால் கூட வரட்டும்.

சோழமண்டலத்தான்:
வருகிறேன். ஆனால் நீங்கள் 'செய்தோம்' என்ற சொல்லையும் அதே படத்தில் எடுக்க வேண்டும், பாதியை வெட்டிவிட்டுப் போடக் கூடாது.

பொருநை:
அப்படியே ரயிலேறி மானூருக்கும் வந்து ஒரு படம் எடுங்கள்.

ஏரிக்கரையான்:
'செய்விக்க' முன்னால் வருகிறது, அதனால் படத்திலும் முன்னால்தான் இருக்கும்.